சாகாவரம் கிடைத்தால் வாங்கிக்கொள்வீர்களா?

கேள்வி: ஜனவரி 5

எனக்கு 26 வயது. சாகப் பிடிக்கவில்லை. இதை வாய்விட்டுச் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். "சலித்துப் போகும்", "பூமி தாங்காது", "சர்வாதிகாரி சாகவே மாட்டான்", "எல்லாம் பணக்காரனுக்குத்தான் கிடைக்கும்". இந்த நாலைத் தவிர ஐந்தாவது பதில் கேட்டதே இல்லை. இவை நிஜமான காரணங்களா, இல்லை எப்படியும் போகத்தான் போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளும் பேச்சா? முதுமையை நிறுத்தும் மருந்து நாளைக்கே வந்தால் நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

வாங்கிக்கொள்வேன்.

என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி முதியோர் வார்டில் கழிந்தது. நர்ஸ் வேலை. "போதும் சிஸ்டர், என்னைப் போக விடுங்க" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைக் கேட்டுவிட்டு, வயதானால் மனசு சாவுக்குத் தயாராகிவிடும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்தால் தெரியும், அது முதுகில் படுக்கைப்புண் எரியும்போது வருகிற பேச்சு. மூச்சு வாங்கும்போது வருகிற பேச்சு. வலிக்கு மருந்து போட்டு, நனைந்த விரிப்பை மாற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்துவிட்டு அரை மணி கழித்துப் போனால், அதே வாய் "நாளைக்கு நைட் டியூட்டி யாரு?" என்று கேட்கும். பேத்திக்குப் பரீட்சை ரிசல்ட் என்றைக்கு என்று கேட்கும். நாளைக்கு யார் டியூட்டி என்று விசாரிக்கிறவருக்கு வாழ்ந்தது போதவில்லை.

தொண்ணூறு வயதுக் கையிலிருந்து பிளாஸ்டரை எடுப்பது தனி வேலை. வெடுக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். பஞ்சைச் சலைனில் நனைத்து ஓரத்தில் ஊறவிட்டு, ஒரு விரலால் தோலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல மடக்கி உரிக்கவேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தோலை வெறுத்தார்கள், ஒத்துழைக்காத அந்த உடம்பை வெறுத்தார்கள். உயிரை வெறுத்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர்.

அதனால் தம்பி, ஆசைப்பட்டதற்கு வெட்கப்பட வேண்டாம். அந்த நாலு பதிலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசலாம்.

ஜனவரி 7

அதற்கு முன் ஒன்றைப் பிரித்து வைத்துவிடுகிறேன். சாகாமல் இருப்பது வேறு, மூப்படையாமல் இருப்பது வேறு. எந்த மருந்தாலும் இரண்டாவதைத்தான் தரமுடியும். விபத்து, வெள்ளம், கொலை, புதுக் கிருமி எல்லாம் அப்படியே இருக்கும்.

1825-ல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற கணிதர் ஆயுள் காப்பீட்டுக்கான கணக்கைப் போட்டபோது ஒன்றைக் கவனித்தார். வளர்ந்த மனிதர் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, வயது ஏற ஏறச் சீரான இடைவெளியில் இரட்டிக்கிறது. இன்றைய கணக்கில் ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒரு இரட்டிப்பு. 30 வயதில் இருந்த ஆபத்து 70 வயதில் 32 மடங்கு. புற்றுநோயை அடியோடு ஒழித்தாலும் சராசரி ஆயுள் மூன்று ஆண்டு அளவுக்குத்தான் கூடும் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். அதில் தப்பியவரை இதயமோ மூளையோ சீக்கிரத்தில் பிடித்துக்கொள்ளும். வார்டில் இது எங்களுக்கு அன்றாடக் காட்சி. நிமோனியாவிலிருந்து மீட்டு வீட்டுக்கு அனுப்புவோம். அடுத்த தடவை இடுப்பெலும்பு முறிந்து வருவார்.

இந்த இரட்டிப்பை மட்டும் நிறுத்த முடிந்தால்? ஓராண்டில் இறக்கும் வாய்ப்பு எந்த வயதிலும் ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஆயுள் 1,000 ஆண்டு வரும். பாதிப் பேர் 693 ஆண்டுக்குள் போயிருப்பார்கள். 3,000 ஆண்டைத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். எல்லோருக்கும் ஒருநாள் முடியும், அந்த நாளை வயதை வைத்து ஊகிக்க முடியாது, அவ்வளவே. இனி நான் சாகாவரம் என்று எழுதினால் இதைத்தான் சொல்கிறேன்.

ஜனவரி 7, பின்னிரவு

சாகாத ஜெல்லிமீனைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். டுரிடாப்சிஸ் டோர்னி என்ற இனம். அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ தன் இளம்பருவத்துக்கே திரும்பி, முதலிலிருந்து வளரத் தொடங்கும். ஆனாலும் பெரும்பாலானவற்றை வேறு ஏதாவது தின்றுவிடும்.

மனித உடம்பிலும் சாகாத செல் உண்டு. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து 1951-ல், அவரைக் கேட்காமலே, எடுத்த செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவர் அதே வருடம் 31 வயதில் இறந்துவிட்டார். சாதாரண மனித செல் ஐம்பது தடவை அளவில் பிரிந்ததும் நின்றுவிடும் என்பதை லெனார்ட் ஹேஃப்லிக் 1961-ல் காட்டினார். நிற்காமல் பிரிகிற செல்லைப் புற்று என்கிறோம். முதுமையைத் தொடப் போகிற மருந்து எதுவும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்துதான் ஆகவேண்டும். 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானி யமானகா நாலு மரபணுக்களைக் கொண்டு வளர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பிக் காட்டியபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு செல்லால் பின்னோக்கிப் போகமுடியும் என்பது அன்றைக்கு உறுதியாயிற்று. ஆனால் அப்படித் திருப்பிய செல்லை உடம்பில் விட்டால் கட்டியாகும் ஆபத்தும் கூடவே வருகிறது.

ஜனவரி 8

"இழக்க ஆயிரம் வருடம் இருந்தால் ஒருவரும் வாசலைத் தாண்டமாட்டார்கள்" என்கிறார் ஒருவர். இன்றைக்கு இழக்க அதிகம் வைத்திருப்பது இருபது வயதுக்காரர்கள். வண்டியை யார் வேகமாக ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

ஜனவரி 9

சலிப்பு. இந்த வாதம் என்னிடம் எடுபடவில்லை. பதினெட்டு வயதில் சலித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 96 வயதில், ஒரு கண்ணில் பார்வை போன பிறகும், பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு செய்தித்தாளை வரி விளம்பரம் வரை படித்தவரையும் பார்த்திருக்கிறேன். சலிப்புக்கும் வாழ்ந்த ஆண்டுகளுக்கும் சம்பந்தம் குறைவு. கேட்பாரற்றுக் கிடப்பதற்கும் சலிப்புக்கும்தான் சம்பந்தம். யாராவது வந்து பேசினால் போய்விடுகிற நோய் அது.

என்னை உறுத்துவது நினைவு. 1950, 60-களில் திறந்தவெளியில் அணுகுண்டு சோதனைகள் நடந்ததால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அது உணவு வழியாக உடம்பில் சேர்ந்து, அந்தச் சமயத்தில் உருவான செல்களின் டி.என்.ஏ.வில் பதிந்துபோனது. அதை வைத்து எந்தச் செல் எப்போது பிறந்தது என்று கண்டுபிடிக்கலாம். ரத்த செல், தோல் செல் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றன. மூளையின் வெளி அடுக்கான புறணியில் உள்ள நரம்புசெல்களுக்கோ அந்த ஆளின் வயதேதான் வயது. எழுநூறு ஆண்டு வாழ்ந்தால் எழுநூறு ஆண்டையும் அந்தப் பழைய செல்களே சுமக்கவேண்டும். சுமக்காது. பழையது கரையும். செல்களை மாற்ற வழி கண்டுபிடித்தாலும் அவற்றோடு போகிற நினைவை என்ன செய்வது?

என் அப்பா 44 வயதில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது 16. வீட்டுக்குள் நுழையும் முன் தொண்டையைச் செருமுவார், இரண்டு தடவை. அந்தச் செருமல் இன்னும் காதில் இருக்கிறது. அவர் பேச்சின் குரல் போய்விட்டது. என்ன பேசினார் என்பது நினைவிருக்கிறது, எந்தக் குரலில் பேசினார் என்பது இல்லை. எனக்கு 45 ஆனபோது, வீட்டில் இனி நான்தான் அவரைவிட மூத்தவள் என்று தோன்றியது. அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அறுபது வருடத்தில் குரல் போகும் என்றால் அறுநூறு வருடத்தில் முகமும் போகும். அப்படி வாழப்போவது நானா, என் பெயர் வைத்துக்கொண்ட வேறொருத்தியா?

இருந்தாலும் கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன். சாகாவரம் என்றதும் என் மனம் முதலில் ஓடுவது அவரிடம்தான். அவருக்குக் கிடைத்திருக்கவேண்டும். அவருக்கு இதயக்குழாய் அடைப்பைத் திறக்கிற இப்போதைய ஸ்டென்ட் ஒன்று கிடைத்திருந்தாலே போதும்.

ஜனவரி 10

"நீங்கள் துக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், சாகாவரத்தைப் பற்றி இல்லை" என்கிறார் ஒருவர். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. தன் சாவுக்கு அஞ்சுகிறவர்களைவிட அடுத்தவர் சாவுக்கு அஞ்சுகிறவர்களே அதிகம் என்பது வார்டின் வராந்தாவில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஜனவரி 12

பூமி தாங்குமா? இதற்குக் கோபப்படாமல் கணக்குப் போடலாம்.

இன்று உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 கோடிப் பிறப்பு, 6 கோடி இறப்பு. நாளையிலிருந்து ஒருவர்கூட இறக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் மக்கள்தொகை வளரும் வேகம் இரட்டிப்பை எட்டும், பத்து மடங்கெல்லாம் ஆகாது. அதற்குப் பிறகு எல்லாமே குழந்தைப் பேற்றில்தான் இருக்கிறது. நூறு பேர் கொண்ட ஒரு தலைமுறையை எடுத்துக்கொள்வோம். ஐம்பது ஜோடி. ஜோடிக்கு இரண்டு குழந்தை என்றால் ஒவ்வொரு தலைமுறைக்கும் நூறு பேர் கூடிக்கொண்டே போவார்கள். முடிவே இல்லை, ஆனால் பெருக்கல் இல்லாத வெறும் கூட்டல். ஜோடிக்கு ஒரே குழந்தை என்றால் நூறோடு ஐம்பது, அதோடு இருபத்தைந்து, பன்னிரண்டரை... எத்தனை ஆயிரம் ஆண்டானாலும் மொத்தம் இருநூறைத் தாண்டாது. யாருமே சாகாமல் இருநூறு!

அதாவது பூமி தாங்கும். இன்று பல நாடுகளில் ஜோடிக்கு ஒன்றரைக் குழந்தைக்கும் கீழே வந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் யாரும் கட்டாயப்படுத்தாமலே வந்தது.

ஜனவரி 12, மாலை

மேலே போட்ட கணக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். ஏழாவது தலைமுறையில் மொத்தம் 198 பேர். அதில் குழந்தைகள் ஒன்று அல்லது இரண்டு பேர். பத்தாவது தலைமுறையில் ஆயிரம் பெரியவர்கள் சேர்ந்தாலும் ஒரு குழந்தை இருக்குமோ இருக்காதோ.

இதைப் பிறகு பேசுகிறேன்.

ஜனவரி 15

சர்வாதிகாரி சாகமாட்டான் என்கிற வாதம். அவ்வளவு தூரம் போகவேண்டாம், ஒரு நாற்காலி போதும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு துறைத்தலைவர் இருந்தார். திறமைசாலி, கடும் உழைப்பாளி. ஓய்வு வயதுக்குப் பிறகும் நீட்டிப்பு, அதற்கு மேல் இன்னொரு நீட்டிப்பு. அவர் வைத்த சட்டம்: இரவு எட்டுக்கு மேல் வார்டில் உறவினர் இருக்கக்கூடாது, அது யாராக இருந்தாலும், நோயாளி எந்த நிலையில் இருந்தாலும். அவர் இளம் மருத்துவராக இருந்த காலத்தில் தொற்றுக்குப் பயந்து போட்ட விதி. காலம் மாறிவிட்டது. நாங்கள் எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தோம். "நான் பார்க்காத நோயாளியா?" என்பார். ஒரு ராத்திரி ஓர் அம்மாவுக்கு மூச்சு அடங்கிக்கொண்டே வருகிறது, மகன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். நான் கதவைத் திறந்துவிட்டேன். மெமோ வந்தது. அவர் உடல்நலம் கெட்டு விலகியதும் புதிதாக வந்தவர் முதல் மாதமே அந்த விதியைத் தூக்கிவிட்டார். யாரும் சண்டை போடவில்லை, விவாதம்கூட நடக்கவில்லை. பழைய விதியின்மேல் பிடிப்பு வைத்திருந்த ஒரே ஆள் போய்விட்டார், அவ்வளவே.

ஆராய்ச்சி உலகத்திலும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பணியில் இருக்கும்போதே இறந்துபோன 452 முன்னணி உயிரியல் விஞ்ஞானிகளை எடுத்து, அவர்களுக்குப் பிறகு அந்தந்தத் துறையில் என்ன நடந்தது என்று பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. அவர்களோடு சேர்ந்து எழுதியவர்களின் கட்டுரைகள் குறைந்தன. அதுவரை அந்தப் பக்கமே வராத வெளியாட்களின் கட்டுரைகள் கூடின. அவற்றில் பல பெரிதும் எடுத்தாளப்பட்டன. உயிரோடு இருந்தவரை அந்தப் பெரியவர்கள் கதவைச் சாத்தி வைத்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை. அவர்கள் உட்கார்ந்திருந்ததே போதுமானதாக இருந்தது.

ஆக, நாலு பதிலில் இது ஒன்றுதான் நிஜமான காரணம் என்று எனக்குப் படுகிறது. கெட்டவர்கள் நீடிப்பார்கள் என்பதைக்கூடச் சமாளிக்கலாம். ஒரு காலத்தில் சரியாக இருந்த நல்லவர்கள் நீடிப்பார்களே, அவர்களை எப்படி எழுப்புவது?

ஜனவரி 18

சொத்தெல்லாம் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருப்பதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

உலகிலேயே அதிக காலம் வாழ்ந்ததாகப் பதிவான ழான் கால்மோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி பிறந்தது 1875, இறந்தது 1997. வயது 122. 1965-ல், அவருக்கு 90 வயதானபோது, ஒரு வழக்கறிஞர் அவரோடு ஒப்பந்தம் போட்டார். அந்த அம்மா உயிரோடு இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க் கொடுப்பது, அவர் போனதும் வீட்டை எடுத்துக்கொள்வது. வழக்கறிஞருக்கு அப்போது 47. முப்பது வருடம் கொடுத்தார். 1995-ல் அவர் போய்விட்டார். கால்மோன் இருந்தார். அதற்கப்புறமும் வழக்கறிஞரின் குடும்பம் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒருவர் எதிர்பார்த்ததைவிட முப்பது வருடம் கூடுதலாக வாழ்ந்ததற்கே ஓர் ஒப்பந்தம் இப்படித் தலைகீழானது. ஓய்வூதியம், வாரிசுரிமை, ஆயுள் காப்பீடு எல்லாமே யாரோ ஒருவர் உரிய காலத்தில் போய்விடுவார் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருடம்? பதிப்புரிமை, பெர்ன் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி, எழுதியவரின் ஆயுளோடு குறைந்தது ஐம்பது ஆண்டு. எழுதியவர் சாகவில்லை என்றால்?

வட்டி இன்னும் மோசம். ஆண்டுக்கு வெறும் 2 சதவீதம், 500 ஆண்டு விட்டுவைத்தால் முதல் ஏறக்குறைய 20,000 மடங்காகும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1790-ல் இறந்தபோது பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு எழுதிவைத்தார். இளம் தொழிலாளர்களுக்குக் கடனாகக் கொடுத்துப் பெருக்கவேண்டும், நூறு ஆண்டில் ஒரு பகுதியையும் இருநூறாவது ஆண்டில் மீதியையும் எடுக்கவேண்டும் என்று நிபந்தனை. நடுவில் பெரும்பங்கை எடுத்த பிறகும் 1990-ல் பாஸ்டனில் மட்டும் 40 லட்சம் டாலருக்கு மேல் இருந்தது. இறந்தவரின் பணமே இப்படிச் சேர்கிறது என்றால் உயிரோடு உட்கார்ந்து எண்ணுகிறவரின் பணம்? இருபது வயதில் வேலைக்கு வருகிற பிள்ளை, ஐந்நூறு வருடம் சேர்த்துவைத்தவரோடு ஒரே சந்தையில் வீடு வாங்கப் போய் நிற்கும். எத்தனை படித்தாலும் அந்த இடைவெளியை அது எட்டவே முடியாது.

ஜனவரி 19

"பணக்காரனுக்குத்தான்" என்பதற்குச் சுருக்கமாக. ஹெச்.ஐ.வி.க்கு 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்தபோது ஒருவருக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கு மேல். 2001-ல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா அதையே 350 டாலருக்குத் தர முன்வந்தது. விலை இறங்கும், ஆனால் தானாக இறங்காது. சண்டை போட்டு இறக்கினார்கள். இறங்குவதற்குள் லட்சக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். சாகாவரத்திலும் அதே நடக்கும். நடுவில் இருக்கும் ஐந்தாறு வருடத்தில் யார் யார் விடுபட்டார்கள் என்பதை, தப்பித்தவர்கள் ஆயிரம் வருடம் சுமக்கவேண்டும். அந்தக் கோபமும் சாகாது.

ஜனவரி 25

15-ம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். அந்தத் துறைத்தலைவர் கதையை இங்கே பலரும் "பார்த்தீர்களா, சாவு வேண்டும்" என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை.

அவர் எழுந்திருக்க வேண்டியது நாற்காலியிலிருந்து. உயிரிலிருந்து இல்லை. ஒருவரைப் பதவியிலிருந்து இறக்க நமக்குத் துணிச்சல் இல்லாததால் அந்த வேலையைப் பக்கவாதத்திடமும் புற்றுநோயிடமும் ஒப்படைத்திருக்கிறோம். அவை ஆள் பார்த்தா வருகின்றன? சர்வாதிகாரி 90 வரை இருக்கிறான், என் அப்பா 44-ல் போகிறார். கத்தோலிக்கத் திருச்சபையில் 80 வயதைத் தாண்டிய கர்தினால்கள் போப்பைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் கலந்துகொள்ள முடியாது என்று 1970-ல் விதி வந்தது. யாரும் கொல்லப்படவில்லை. இரண்டாயிரம் வருட நிறுவனத்துக்கே அது முடிந்திருக்கிறது. பதவிக்குக் காலவரம்பு, சேர்த்த சொத்துக்கு உச்சவரம்பு, நூறு வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் புதிதாகத் தொடங்கவேண்டிய தொழில். கடினம்தான். அதைவிட, நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இறந்துகொண்டிருப்பது சமூகத்தின் நன்மைக்கு என்று ஒரு தாயிடம் போய்ச் சொல்வது கடினம். எனக்கு வாய் வராது.

நாற்காலி வாதம் நிஜமான காரணம் என்று இப்போதும் சொல்கிறேன். எதற்கான காரணம் என்பதில்தான் தெளிவு வேண்டும். சட்டம் எழுதுவதற்கான காரணம் அது, சாவதற்கு இல்லை.

ஜனவரி 26

"போதும் என்று தோன்றினால் வாழ்வை நிறுத்திக்கொள்ள உரிமை வேண்டாமா?" என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், நிறுத்திக்கொள்ளும் உரிமை வேண்டும். கட்டாயம் வேண்டும். வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் வைத்திருந்த ஒருவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளைகள். "எடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் ஆளாக இருக்க மூவருக்கும் மனமில்லை. நான் தினமும் காலையில் கண்ணுக்கு ஆயின்ட்மென்ட் போட்டு இமையை மூடி டேப் ஒட்டுவேன், கருவிழி காய்ந்துவிடக் கூடாது என்று. அவர் அந்தக் கண்ணால் இனி எதையும் பார்க்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். போகத் தெரியாத வாழ்வு எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட எனக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

பிப்ரவரி 3

குழந்தைகள் விஷயத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

வார்டில் ஒரு பையன் வருவான், ஐந்து வயது இருக்கும். கொள்ளுத்தாத்தாவைப் பார்க்க. டிரிப்ஸ் பாட்டிலில் சொட்டு விழுவதை அவன் எண்ணத் தொடங்கினால் அந்த வரிசையில் படுத்திருக்கும் அத்தனை பேரும் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். அந்தத் தாத்தா பல நாளாகப் பேசாதவர், "இருபத்தொண்ணு" என்று எடுத்துக்கொடுத்தார். ஆயிரம் பெரியவர்களுக்கு ஒரு குழந்தை இருக்கும் உலகத்தில் இது யாருக்குக் கிடைக்கும்? அந்த ஒரு குழந்தைக்குத்தான் விளையாட யார் இருப்பார்கள்?

இதற்கு ஒருவர் வழி சொல்லியிருக்கிறார்: யாராவது தானாக விரும்பி விடைபெற்றால் அந்த இடத்தில் ஒரு பிறப்புக்கு அனுமதி. கேட்க அழகாக இருக்கிறது. முதலில் படித்தபோது எனக்கும் பிடித்தது. இரண்டு நாள் கழித்து வயிற்றைக் கலக்கியது.

"வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது" என்று வயதானவர்கள் சொல்வதை நாம் சும்மா பழமொழியாகக் கேட்கிறோம். வராந்தாவில் டியூட்டி பார்த்தவளுக்கு அது பழமொழி இல்லை. கதவுக்கு வெளியே குரலைத் தாழ்த்தி, "இன்னும் எத்தனை நாள் சிஸ்டர்?" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் பாசத்தில் கேட்கிறார்கள், பாதிப் பேர் கணக்கில் கேட்கிறார்கள். உள்ளே படுத்திருப்பவருக்கு எந்தக் குரல் எது என்று தெரியும். "நான் இருந்து எல்லாருக்கும் தொந்தரவு" என்று அவர் சொல்வது பெரும்பாலும் அந்தக் குரலைக் கேட்ட மறுநாள். இப்போதைக்கு அவருக்கு ஒரே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. எப்போது போவது என்பது அவர் கையில் இல்லை. இருப்பதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம்.

மூப்பு நின்றுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. போவது அவரவர் விருப்பம் என்று ஆன அன்றே, போகாமல் இருப்பதும் அவரவர் விருப்பமாகிவிடும். விருப்பம் என்றால் காரணம் கேட்பார்கள். அதில் ஒரு குழந்தையின் பிறப்பையும் கட்டிவிட்டால்? மகளே வந்து எதிரில் உட்காருவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். முந்நூறு வயதில், ஒரு நோயும் இல்லாமல், நடக்கவும் சிரிக்கவும் முடிகிற ஓர் அம்மா அந்த மௌனத்தை எத்தனை நாள் தாங்குவாள்?

நீங்கள் கேட்ட அந்த ஐந்தாவது பதில் இதுதான், தம்பி. எனக்கு நிஜமான பயம் இது ஒன்றில்தான். மற்றதற்கெல்லாம் சட்டம் எழுதலாம். இதற்கு எழுதவேண்டிய சட்டம் ஒன்றுதான் தெரிகிறது: பிறப்பையும் இறப்பையும் ஒரே பேரேட்டில் எழுதக்கூடாது. பிறப்பு குறைவாக இருக்கட்டும், சீட்டுப் போட்டுக்கூடக் கொடுக்கட்டும், கூட்டம் கொஞ்சம் கூடினால் கூடட்டும். ஆனால் ஒருவர் போனால்தான் இன்னொருவர் வரலாம் என்று எந்த அரசும் எழுதக்கூடாது.

பிப்ரவரி 4

"அப்படியானால் குழந்தைகள் இல்லாத உலகத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா?" ஏற்கவில்லை. அதற்கு விடை என்னிடம் இல்லை. இரண்டு கெடுதியில் ஒன்றைத்தான் விலக்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 6

இத்தனையும் எழுதிய பிறகும் மருந்தை வாங்குவீர்களா என்று இழையைத் தொடங்கியவர் மறுபடி கேட்டிருக்கிறார். வாங்குவேன். இன்றைக்குக் கொடுத்தால் இன்றைக்கே.

பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்து "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டுப் புதுப்பித்துக் கொடுக்கலாம் என்று மேலே ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அது வேண்டாம். யாரும் வந்து என்னைக் கேட்கக் கூடாது. போதும் என்று எனக்குத் தோன்றினால் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.